முயல்களுக்கு வேண்டிய அன்றாடக் கவனிப்பு
(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

குழந்தைகளின் பிரியத்திற்காகச் சந்தையில் ஒரு ஜோடி முயல் வாங்கி வருவது குடியானவர் வீடுகளில் அடிக்கடி காணப்படும் வழக்கம். ஆடு மாடுகள் நிறைந்த வீட்டில் இச்சிறு பிராணிக்கென்று தனிச் சிரமம் ஏது என்று அநேகர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. ஒரு வேளை தீனி தவறினால் பசு கத்தும், முயல் கத்தாது. பிற மிருகங்களுக்கு இரையாகும் ஜாதியாதலின், நோவையும் பலவீனத்தையும் கூடியவரை மறைத்து வைப்பது அதன் சுபாவம். ஆகவே வளர்ப்பவனின் கண்ணே அதற்கு வாயாகும்.

காலை வேலை

விடிந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. இரவு வைத்த தீனி தின்னப்பட்டிருக்கிறதா? புழுக்கை வழக்கம்போல் உருண்டையாகவும் தாராளமாகவும் விழுந்திருக்கிறதா? முயலின் குடல் ஓயாமல் இயங்க வேண்டியது. பன்னிரண்டு மணி நேரம் தீனி தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருக்கும் முயலை, மறுநாள் பார்க்கலாமென்று விடாமல், உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். முயலுக்கு வாந்தி எடுக்க இயலாதாதலால், தின்னத் தகாததைத் தின்றால் அது வெளிவர வழியில்லை.

சில வேளைகளில் முயல் மிருதுவான ஒருவகைப் புழுக்கையைத் தன் வாயாலேயே எடுத்துத் தின்னும். இதைக் கண்டு அருவருத்துத் தடுக்கலாகாது. அதிலுள்ள சத்துக்களை இரண்டாம் முறை ஜீரணித்துக்கொள்வதற்கு இயற்கை அமைத்த வழி அது.

பிறகு மூத்திரத்தில் நனைந்த படுக்கையை அகற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தைக் கழுவிப் புதுத்தண்ணீர் வைக்க வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள முயல் நாளொன்றுக்கு 100 முதல் 300 மில்லி லிட்டர் வரை குடிக்கும். கோடையில் இன்னும் அதிகம் வேண்டும்.

தீனி

முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லை நெடுநேரம் மென்றால்தான் அவை தேயும். ஆகையால் புல்லும் உலர்ந்த புல்லுமே பிரதான ஆகாரமாக இருத்தல் வேண்டும். அருகு, கொழுக்கட்டைப்புல் ஆகியவை தக்கவை. குதிரைமசால், வேலிமசால், அகத்தி, முருங்கைத் தழைகளைச் சிறிதளவு சேர்க்கலாம். சவுண்டல் தழையை மிகுதியாகப் போட்டால் உரோமம் உதிரும். அறுத்துக் குவித்துச் சூடேறிய புல் வயிற்றை உப்பச் செய்யும். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு விஷத்திற்கு ஒப்பானது. அடர்தீனி கொடுப்பதானால் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 25 கிராமுக்கு மேற்படலாகாது. முயல் சாயங்காலமும் இரவும் அதிகமாகத் தின்னுமாதலால், பெரும்பங்குத் தீனியை மாலையில் இடுவதே சிலாக்கியம்.

நண்பகல் பார்வை

நம் ஜில்லாக்களில் முயலுக்குப் பெருஞ்சத்துரு வெயிலே. அதற்கு வியர்வை இல்லை. காதுகளின் வழியாகவே உஷ்ணத்தை வெளியேற்றுகிறது. 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் அது அவதியுறும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா ஜாதிகள் வளர்க்கப்படுகின்றன. அம்மலையின் குளிர் அவற்றிற்கு அநுகூலம். அத்தகைய முயலைச் சமவெளியில் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அடைப்பது அதைக் கொல்வதற்குச் சமானம். கூண்டை மர நிழலில் ஓலைக் கூரையின் கீழ் வைத்து, பக்கங்களில் நனைத்த கோணியைத் தொங்கவிட வேண்டும். மூச்சு வாங்கித் துவண்டு கிடந்தால், காதுகளை ஈரத்துணியால் நனைத்து நிழலில் வைத்து வைத்தியரை அழைக்கவும். குளிர்ந்த நீரில் அமிழ்த்தலாகாது.

மாலை வேலை

மாலையில் அடைப்புள்ள இடத்தில் சில மணி நேரம் ஓடவிட வேண்டும். எப்பொழுதும் கம்பித் தரையில் நிற்கும் முயலுக்குப் பாதம் புண்ணாகுமாதலால், கூண்டினுள் ஒரு பலகை அவசியம். காதைப் பிடித்துத் தூக்கும் வழக்கம் கொடியது. ஒரு கையால் மார்பையும் மற்றொரு கையால் பின்பாகத்தையும் தாங்கியே தூக்க வேண்டும். உதைத்துத் திமிறும்போது அதன் முதுகெலும்பே முறிவதுண்டு. காதினுள் பொருக்கு, மூக்கில் சளி, நீண்ட நகம், வளைந்த பல் இவற்றை வாரம் ஒரு முறையாவது சோதிக்கவும். இரவில் நாய், பூனை, கீரி, பாம்பு நுழையாதபடி கூண்டைத் தாழிட்டு, எறும்பு ஏறாதபடி அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்த வேண்டும்.

குட்டிகள்

சினைக்காலம் சுமார் 31 நாட்களே. ஈன்ற அன்றே மறுபடியும் சினைப்படக் கூடியதாதலால், ஆணைப் பிரித்து வைக்காத வீட்டில் ஜோடி சீக்கிரம் கூட்டமாகிவிடும். குட்டி வேண்டாதார் ஆணைக் காயடிப்பித்துச் சேர்த்து வைக்கலாம். தாய் நாளில் ஓரிரு முறை சில நிமிஷங்களே பால் கொடுக்கும். இதைக் கண்டு தாய் கைவிட்டதென்று குட்டிகளைக் கலைத்தல் கூடாது.

முடிவு

ஒரு ஜோடிக்குக் காலையில் அரைமணி, மாலையில் அரைமணி, நடுவில் ஒரு பார்வை என்பதே குறைந்தபட்சக் கணக்கு. நன்கு பேணினால் எட்டு முதல் பன்னிரண்டு வருஷம் வரை ஜீவிக்கும். நடவிலும் அறுப்பிலும் வீட்டார் அனைவரும் வயலிலிருக்கும் நாட்களில் யார் பார்ப்பது என்பதை வாங்குமுன்னரே தீர்மானிக்க வேண்டும். சிறுவரிடம் மட்டும் ஒப்புவித்தல் போதாது. பெரியவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவ்விதம் இயலாத வீட்டார் வாங்காதிருப்பதே தயை.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. வயல்வெளியில் அகப்படும் காட்டு முயல் வேறு ஜாதி. அதைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் 1972-ஆம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. இதை ஜனங்களுக்குத் தெரிவிப்பது அவர்களது கடமை.