உஷார்! தலைக்கு மேலே மருந்து பறக்குது!

ராசிபுரம், ஆத்தூர், மோகனூர்ப் பக்கமெல்லாம் இப்போது காட்டுக்கு மருந்தடிக்க ட்ரோன் வருகிறது. முதுகில் டேங்க் சுமக்க வேண்டாம். ஏக்கரைச் சில நிமிஷங்களில் முடித்துவிடும். நல்லதுதான். ஆனால், "ஆளே காட்டுக்குள் இறங்கலையே, இதில் என்ன ஆபத்து?" என்கிற அந்தத் தைரியம் இருக்கிறதே, அதுதான் பயமுறுத்துகிறது.

கைத்தெளிப்பானில் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீரில் கரைக்கும் மருந்தை, ட்ரோனில் பத்தே லிட்டரில் கரைக்கிறார்கள். மருந்து அதேதான், காரம் 20 மடங்கு! அந்தக் காரம் பொடித்துளியாகக் காற்றில் மிதக்கிறது. வரப்பில் நின்று எல்லை காட்டும் பண்ணையக்காரரும், வேடிக்கை பார்க்க ஓடிவரும் பிள்ளைகளும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். ஆடிக் காற்றில் அது யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறங்குமோ!

பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் கேட்கவே வேண்டாம். சாரல் பட்ட இலையைத் தின்றால் பட்டுப்புழு செத்துவிழும். மரவள்ளி மாவுப்பூச்சியை ஒழிக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட்ட குளவிக்கும் இதே கதிதான். காசு கொடுத்து நம் காவலாளியை நாமே கொல்வதா?

கேரளத்தின் காசர்கோட்டை மறக்கலாமா? முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் பூச்சிமருந்தைத் தெளித்து, ஊர்மக்களை நோயில் தள்ளினார்கள். உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை போட்டது 2011இல்.

வானிலிருந்து தெளிப்பதை 24 மணி நேரம் முன்பே ஊருக்கு அறிவிக்க வேண்டும், ஆளும் மாடும் உள்ளே வராமல் தடுக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. அப்படியொரு அறிவிப்பை யாராவது கேட்டதுண்டா?

தாழத் தொங்கும் மோட்டார் லைன் கம்பியில் ட்ரோன் சிக்கினால், விஷமும் பேட்டரியும் சேர்ந்தே விழும். ஓமலூர்க்காரர்களே, காமலாபுரம் விமான நிலையத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் ட்ரோனைக் கிளப்பவே கூடாது.

ட்ரோன்காரரிடம் பைலட் சான்றிதழைக் கேளுங்கள். காற்று வீசினால் திருப்பி அனுப்புங்கள். யாருக்காவது வாந்தி, மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் உடனே 108ஐ அழையுங்கள். மருந்து டப்பாவின் லேபிளை மறக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.