வீட்டில் சும்மாவா இருக்கிறாள்?

"வீட்டில் என்ன வேலை பார்க்கிறார்கள்?"

"வேலையா? சும்மாதான் இருக்கிறாள். கொஞ்சம் தையல் போடுவாள்."

மும்பை மின்சார ரெயிலில் நம்மவர்கள் இருவர் சந்தித்துக் கொண்டால் இப்படிப் பேசிக் கொள்வது உண்டு. அவர் வேலைக்குப் புறப்படும்போது மனைவி வீட்டில் இருக்கிறாள். திரும்பி வரும்போதும் வீட்டில்தான் இருக்கிறாள். அதனால் "சும்மா இருக்கிறாள்" என்றே தோன்றுகிறது.

ஆனால் அந்தச் "சும்மா" இருப்பவளின் கூலியில்தான் பல வீடுகளில் பிள்ளையின் நோட்டுப் புத்தகமும், மாதக் கடைசியின் அரிசியும் வருகின்றன. கையில் ஒரு குழந்தை, காலடியில் ஒரு குழந்தை. இடையில் வேலை. இந்தத் தாய்மார் 24 மணி நேரத்தை எப்படிப் பங்கு போடுகிறார்கள்?

குழாய்தான் கடிகாரம்!

தாராவி போன்ற இடங்களில் பெண்களின் நாளைத் தொடங்கி வைப்பது சூரியன் அல்ல, தண்ணீர்க் குழாய். தண்ணீர் வருவது சில மணி நேரம்தான். அதிலும் பல சந்துகளில் விடியற்காலையில் வரும். அந்த நேரத்தில் டிரம்மையும் குடத்தையும் நிரப்பாவிட்டால் அன்றைய பாடு திண்டாட்டம்தான்.

தண்ணீர் பிடித்து முடித்ததும் அடுப்பு. கணவருக்கு டப்பா கட்ட வேண்டும். பெரியவனைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். சின்னவனுக்குப் பால். துணி, பாத்திரம். எல்லாம் முடிந்து அவள் தன் வேலையில் உட்காரும்போது மணி பத்தைத் தாண்டி விடுகிறது. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில், "அம்மா!" என்று ஒரு குரல்!

வேலைகளும் பலவிதம். ரவிக்கைக்கு ஊக்கு வைப்பது, காஜா எடுப்பது, சேலைக்கு பால்ஸ் அடிப்பது ஒரு வகை. தாதர் பூ மார்க்கெட்டில் இருந்து வரும் உதிரிப் பூவைக் கட்டிச் சரமாக்குவது இன்னொரு வகை. முறுக்குச் சுடுகிறவர்கள் உண்டு. டியூஷன் எடுக்கிறவர்கள் உண்டு.

தாராவியில் இட்லித் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. மாலையில் மாவு அரைத்து, ஊர் தூங்கும்போது அவித்து, விடிந்ததும் வியாபாரத்துக்கு அனுப்பி விடுகிறார்கள். குழந்தைகள் கண் விழிப்பதற்குள் பெரிய வேலை முடிந்து விடும். ஆனால் அந்த நேரம் தாயின் தூக்கத்தில் இருந்து வெட்டி எடுத்த நேரம் என்பதை மறந்து விடக்கூடாது.

கொரோனா வந்த 2020-ம் ஆண்டுக்குப் பிறகு டோம்பிவிலி, முலுண்ட், செம்பூர் பகுதிகளில் இன்னொரு கூட்டமும் இதில் சேர்ந்து கொண்டது. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்துக் கணக்கு எழுதுகிற, ஆபீஸ் வேலை பார்க்கிற தாய்மார்கள். இவர்களுக்கு ஊசிக்குப் பதில் மவுஸ். மற்றபடி, மடியில் ஏறும் குழந்தை ஒன்றுதான்.

நேரம் உண்டு, துண்டு துண்டாக!

இந்தப் பெண்களைப் பார்த்து, "நேரத்தைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியவில்லை" என்று சொல்வது சுலபம். உண்மையில் அவர்களுக்கு நேரம் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் பத்து நிமிடம், கால் மணி என்று சில்லறையாகக் கிடைக்கிறது.

சில்லறையால் என்ன நஷ்டம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ரவிக்கைக்கு ஊக்கு வைக்க 5 ரூபாய் கூலி என்று வைத்துக் கொள்வோம். தடங்கல் இல்லாமல் உட்கார்ந்தால் மணிக்கு 6 ரவிக்கை முடியும் என்றும் வைத்துக் கொள்வோம். 20 ரவிக்கைக்கு 3 மணி 20 நிமிடம். கடைக்குப் போய்த் துணி வாங்கி வர, திருப்பிக் கொடுக்க 40 நிமிடம். ஆக மொத்தம் 4 மணி நேரம். கூலி 100 ரூபாய். மணிக்கு 25 ரூபாய்.

அதே பெண் குழந்தைக்காக அடிக்கடி எழுந்து போனால் மணிக்கு 3 ரவிக்கைதான் ஆகும். 20 ரவிக்கை முடிய 6 மணி 40 நிமிடம். போக வர நேரத்தையும் சேர்த்தால் 7 மணி 20 நிமிடம். கூலி அதே 100 ரூபாய்தான். மணிக்கு 14 ரூபாய் கூடத் தேறாது! நூலும் ஊசியும் அவள் செலவு என்றால் இன்னும் குறையும்.

மாதச் சம்பளக்காரர் எழுந்து போய் டீ குடித்தால் சம்பளம் குறைவதில்லை. துண்டுக் கூலிக்காரி எழுந்து போய்க் குழந்தையின் மூக்கைத் துடைத்தால் கூலி குறைகிறது. இதுதான் வித்தியாசம்.

அனுபவம் சொல்லும் வழிகள்

பல ஆண்டுகளாக இப்படி வேலை பார்த்துப் பழகிய பெண்கள் எந்தப் புத்தகமும் படிக்காமலே சில வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

முதலாவது, வேலையை இரண்டாகப் பிரிப்பது. கவனம் வேண்டிய வேலை ஒன்று. கை மட்டும் போதும் என்ற வேலை இன்னொன்று. மிஷின் தையல், அளவு பார்த்து வெட்டுவது, கணக்கு எழுதுவது ஆகியவை முதல் வகை. இவற்றைக் குழந்தை தூங்கும் மதிய வேளைக்கு ஒதுக்கி விடுவார்கள். நூல் பிசிறு வெட்டுவது, மடித்து அடுக்குவது, பூத் தொடுப்பது இரண்டாம் வகை. குழந்தையோடு பேசிக் கொண்டே செய்யலாம். குழந்தை தூங்கும் பொன்னான ஒரு மணி நேரத்தில் பாத்திரம் தேய்ப்பவள் ஏமாந்து போகிறாள். பாத்திரத்தைக் குழந்தை விழித்திருக்கும்போதும் தேய்க்கலாம்!

இரண்டாவது, அங்கன்வாடி. பால்வாடி என்றுதான் பலரும் சொல்கிறார்கள். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ந் தேதி நாட்டில் 33 இடங்களில் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் உள்ளது. 3 வயது முதல் 6 வயது வரை உள்ள குழந்தைக்கு அங்கே விளையாட்டு, பாட்டு, சாப்பாடு. தாய்க்கோ துண்டுபடாத சில மணி நேரம். "குழந்தை அழுகிறான்" என்று இரண்டே நாளில் நிறுத்தி விடாமல், பழகும் வரை பொறுப்பது நல்லது.

மூன்றாவது, அக்கம்பக்கம். ஊரில் என்றால் பாட்டி, அத்தை, மதினி என்று ஆள் இருக்கும். இங்கே பக்கத்து அறைதான் சொந்தம். இரண்டு தாய்மார் சேர்ந்து, இன்று உன் பிள்ளையையும் நான் பார்க்கிறேன், நாளை என் பிள்ளையையும் நீ பார் என்று முறை வைத்துக் கொண்டால் இருவருக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் முழு நேரம் கிடைக்கும். எதிர் வீட்டு ஆச்சி பார்த்துக் கொள்கிறார் என்றால், அவர் கையில் சும்மா விட்டு விடாமல் வாரத்துக்கு ஏதாவது கொடுப்பதே மரியாதை.

நான்காவது, குழந்தைக்கும் ஒரு நேரம். வேலையில் உட்காரும் முன் கால் மணி நேரம் அதற்கென்றே உட்கார்ந்து சோறூட்டி, விளையாட்டுக் காட்டினால், அதன் பிறகு குழந்தை அவ்வளவு தொந்தரவு செய்வதில்லை. கேட்கும்போதெல்லாம் "இரு, இரு" என்று தள்ளினால்தான் காலைக் கட்டிக் கொள்கிறது. அதன் வாயை அடைக்கச் செல்போனைக் கையில் கொடுத்துப் பழக்கினால், பிறகு பிடுங்குவது பெரும்பாடு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எச்சரிக்கை. ஒற்றை அறையில் அடுப்பும் மிஷினும் குழந்தையும் ஒன்றாக இருக்கின்றன. ஊசி, ஊக்கு, பட்டன் எல்லாவற்றையும் தவழும் குழந்தை வாயில்தான் போடும். எழுந்து போகும்போது மூடி வைக்க ஒரு டப்பா வேண்டும். கொதிக்கும் எண்ணெயும் இட்லிக் கொப்பரையும் உள்ள நேரத்தில் குழந்தையைப் பார்க்கத் தனியாக ஓர் ஆள் இருந்தே தீர வேண்டும். கூலி போனால் நாளை சம்பாதிக்கலாம்.

அப்பளம் காட்டிய பாதை

வீட்டில் இருந்து வேலை பார்க்கும் தாய்க்கு ஏற்றபடி தொழிலையே மாற்றி அமைக்க முடியுமா? முடியும் என்று இதே மும்பை காட்டியிருக்கிறது.

1959 மார்ச் 15-ந் தேதி. கிர்காம் பகுதியில் ஒரு கட்டிடத்தின் மாடியில் 7 குஜராத்திப் பெண்கள் கூடினார்கள். கடன் வாங்கிய 80 ரூபாய்தான் முதல். அன்று தயாரித்தது 4 பாக்கெட் அப்பளம். அதுதான் இன்று நாடறிந்த லிஜ்ஜத் அப்பளம். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போப்பட்டுக்கு 2021-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இப்போது அதில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

அங்கே முறை என்ன தெரியுமா? காலையில் கிளைக்குப் போய், பிசைந்து வைத்திருக்கும் மாவை வாங்கிக் கொள்ள வேண்டும். வீட்டில் வைத்து அப்பளம் இட்டு, காயவைத்து, மறுநாள் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். எடையும் தரமும் பார்த்து வாங்கிக் கொள்வார்கள். மாவு வாங்கும் நேரம் நிச்சயம், கொடுக்கும் நேரம் நிச்சயம். இடைப்பட்ட நேரம் அவள் கையில்! குழந்தை தூங்கும்போது இடலாம். கணவர் வந்த பிறகு இடலாம். அதோடு, அந்தப் பெண்களே தொழிலின் பங்காளிகள். லாபத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

தனித்தனியாகச் சேட்டிடம் துணி வாங்குகிற பெண்களுக்கு இந்த நிச்சயம் இல்லை. "நாளைக்கே வேண்டும்" என்றால் இரவு முழுக்க விழிக்க வேண்டியதுதான். ஒரே சந்தில் பத்துப் பேர் சேர்ந்து பேசினால் கெடுவையும் கூலியையும் பற்றிப் பேசலாம். ஒருத்தியாகப் பேசினால் வேலை வேறு வீட்டுக்குப் போய்விடும்.

மூத்த மகளின் நேரம்

நேரம் போதாத வீட்டில் யாராவது ஒருவர் அதை ஈடு கட்ட வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது மூத்த மகள்.

"இன்று ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாதே. தம்பியைப் பார்த்துக் கொள். ஆர்டர் முடிய வேண்டும்." இப்படித்தான் தொடங்குகிறது. ஒரு நாள் இரண்டாகும். பரீட்சையில் மார்க் குறையும். "இவளுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று முடிவு கட்டி விடுவார்கள். பத்து வருடம் கழித்து அவளும் இன்னொரு ஒற்றை அறையில் ஊக்கு வைத்துக் கொண்டிருப்பாள். 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமை என்று 2009-ல் சட்டம் வந்தது. அந்த உரிமை, வீட்டுக்குள் தம்பியின் தொட்டில் அருகே கைவிட்டுப் போகிறது.

மகன் இருந்தால் அவனும் தொட்டில் ஆட்டலாமே! அது பலருக்கும் தோன்றுவதில்லை.

ஆண்களின் பங்கு எவ்வளவு?

2019-ம் ஆண்டு மத்திய அரசு நாடு முழுவதும் நேரக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாள் ஒன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாக அது சொன்னது. ஏறத்தாழ 5 மணி நேரம்! வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு அது 97 நிமிடம். வீட்டு வேலையில் கையே வைக்காத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவில்லை.

கல்யாணில் இருந்தோ விராரில் இருந்தோ நசுங்கிக் கொண்டு வேலைக்குப் போய் இரவு வீடு திரும்பும் மனிதருக்கும் களைப்பு உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் விடியற்காலையில் தண்ணீர் பிடிப்பது அவராலும் ஆகும். இரவில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுத் தூங்க வைப்பதும் ஆகும். ஞாயிற்றுக்கிழமை சேட்டிடம் துணியைக் கொண்டு போய்க் கொடுத்துக் கணக்கு முடிப்பதும் ஆகும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அவர் எடுத்துக் கொண்டால், அந்த ஒரு மணி நேரம் மனைவிக்கு உடையாத ரூபாய் நோட்டாகக் கிடைக்கும்.

கணக்கில் வர வேண்டும்

ஆபீசில் பதிவு பெற்ற வேலையில் இருக்கும் பெண்களுக்கு 2017-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 26 வாரப் பிரசவ விடுமுறை தந்தது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு இது கிடைக்கும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்றது. ஊக்கு வைக்கும் பெண்ணுக்கு இவை எதுவும் எட்டவில்லை. அவளுக்கு முதலாளி யார் என்பதே பல நேரம் தெரிவதில்லை.

ஆனாலும் கதவு முழுக்க அடைபடவில்லை. 2020-ம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வீட்டில் இருந்து வேலை செய்பவரையும் தொழிலாளி என்று வரையறுத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் 16 முதல் 59 வயது வரை உள்ள அமைப்புசாராத் தொழிலாளர்கள் இலவசமாகப் பெயர் சேர்க்கலாம். வீட்டில் தைக்கிற பெண்ணும் சேரலாம்.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, இன்று எத்தனை மணி நேரம், எத்தனை துண்டு, எவ்வளவு கூலி என்று தினமும் ஒரு வரி எழுதி வந்தால் போதும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எந்த வேலை கட்டும், எந்த வேலை கட்டாது என்று தெரிந்து விடும். சேட்டிடம் கூலி கூட்டிக் கேட்கவும் அந்த நோட்டுக் கைகொடுக்கும்.

கணவரும் அந்த நோட்டை ஒரு முறை புரட்டிப் பார்க்கட்டும். அடுத்த தடவை ரெயிலில் யாராவது, "வீட்டில் என்ன வேலை பார்க்கிறார்கள்?" என்று கேட்டால், பதில் வேறு மாதிரி வரும்.