முதலில் கேளுங்க... அப்புறம் கூப்பிடுங்க! ஹாம் ரேடியோ போட்டியின் நாகரிகம்

கோடை விழாவுக்கோ பீமன் அருவிக்கோ ஜமுனாமரத்தூர் போகிறவர்கள், மலையேறியதும் செல்போனில் டவர் கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். ஹாம் ரேடியோ ஆர்வலர் தேடுவது வேறு. ஒயர் கட்ட இரண்டு உயரமான மரம் இருக்கிறதா? அந்த ஒயர், ஒரு பேட்டரி, சின்ன டிரான்ஸீவர், கையில் லைசென்ஸ். அயனி மண்டலம் ஒத்துழைத்தால் ஜவ்வாது மலையிலிருந்து ஜப்பானோடு பேசிவிடலாம்.

இதில் போட்டியும் உண்டு. பிரபலமானது 'சிக்யூ வேர்ல்டு வைடு'. குரல் வழிப் போட்டி அக்டோபர் கடைசியில், மோர்ஸ் போட்டி நவம்பர் கடைசியில். ஒவ்வொன்றும் 48 மணி நேரம். முடிந்தவரை அதிக நாடுகளை, அதிக நிலையங்களைப் பிடிக்க வேண்டும். நலம் விசாரிக்க நேரமில்லை. 'ஐந்து ஒன்பது, 22' என்றால் முடிந்தது. 22 என்பது இந்தியாவின் மண்டல எண். 59 என்றால் 'உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது' என்று அர்த்தம். அரைகுறையாகக் கேட்டாலும் எல்லோரும் 59 தான் தருவார்கள். உலகமே சேர்ந்து சொல்லும் செல்லப் பொய் இது!

மற்றதில் பொய்க்கு இடமில்லை. எதிராளியின் அழைப்புக் குறியைத் தப்பாக எழுதினால், இருவர் பதிவேட்டையும் ஒப்பிடும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். அந்தத் தொடர்பு போய்விடும். அதற்கான புள்ளிகளைப் போல இரண்டு மடங்கு அபராதமும் விழும். போட்டி முடிந்த பிறகு ஒலிப்பதிவைக் கேட்டுத் திருத்தினால் அதுவும் மோசடிதான்.

ஓர் அலைவரிசையில் அழைப்பதற்கு முன்னால், 'இங்கே யாராவது இருக்கிறீர்களா?' என்று கேட்க வேண்டும். 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் போட்டியே கூடாது. சும்மா பேச நினைப்பவர்களுக்கும் இடம் வேண்டுமே! அரிய நிலையம் ஒன்று வந்தால் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். 'விக்டர் யூனிஃபார்ம் டூ... யார் அது?' என்று அந்த நிலையம் பாதிக் குறியைச் சொல்லிக் கேட்டால், அந்த எழுத்துகள் இல்லாத அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கஷ்டமான விதி இதுதான்.

2004 டிசம்பரில் அந்தமானிலிருந்து இப்படியொரு அரிய குரல் வந்தது. பல ஆண்டுகளாக ஹாம் ஒலிபரப்புக்கு அனுமதி இல்லாத தீவு. ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனக் குழுவோடு போர்ட் பிளேர் போயிருந்தார் பாரதி பிரசாத். அவர் அழைப்புக் குறி, வியூ4ஆர்பிஐ. அது போட்டி அல்ல. ஆனால், நெரிசல் போட்டிக்குக் குறைந்ததில்லை. உலகம் முழுவதும் 'என்னைக் கேளுங்கள்' என்று வரிசை கட்டியது.

டிசம்பர் 26 காலை பூமி அதிர்ந்தது. பின்னாலேயே சுனாமி. தொலைபேசிகள் செத்துப்போன தீவிலிருந்து, தொடர்பு எண்ணிக்கையை விட்டுவிட்டு அவசரச் செய்திகளை அனுப்பத் தொடங்கினார் பாரதி. 'இன்னார் உயிரோடு இருக்கிறார்' என்ற தகவலுக்காக நிலப்பரப்பில் குடும்பங்கள் காத்திருந்தன. அந்தச் செய்திகளை வாங்கி உறவினர்களிடம் சேர்த்தவர்களும் ஹாம்களே. ஆபத்துச் செய்தி ஓடும் அலைவரிசையில் வேறு யாரும் குறுக்கே பேசக் கூடாது என்பதுதான் ஹாம் உலகின் முதல் சட்டம்.

அந்த டிசம்பரில் அந்தமானைத் தவறவிட்டவர்கள், 2006 ஏப்ரலில் போர்ட் பிளேரில் ஹாம் ரேடியோ விழா நடக்கும் வரை காத்திருந்தார்கள்.