உங்களுக்குத் தெரியுமா? முதுகில் ஒரு பை, முன்னால் போடி மலை

மதுரைக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே 12 ஆண்டுகளுக்கு மேல் ரயிலே ஓடவில்லை. அகலப்பாதை போடுவதற்காக 2010 டிசம்பர் கடைசியில் நிறுத்திய ரயில், 2023 ஜூன் 15-ல்தான் திரும்பி வந்தது. சென்னையிலிருந்தும் வாரத்தில் மூன்று நாள் நேரடி ரயில் உண்டு. துணைக்கு ஆள் இல்லாமல் மலை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே மேற்கே மலை மறித்துக்கொண்டு நிற்கும்.

★

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலாக்காரர்கள் எழுந்திருக்கும் முன்பே அந்த வளைவுகளில் ஜீப்புகள் ஏறிவிடுகின்றன. உள்ளே தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் தேனி மாவட்டத்துப் பெண்கள்.

ஏலக்காய் கிளையில் காய்ப்பதில்லை. செடியின் தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த செடிக்கு அடியில் குனிந்தோ குத்துக்காலிட்டு உட்கார்ந்தோ, இலையை விலக்கி, விளைந்த காயை மட்டும் விரலால் நிரடிப் பார்த்துக் கிள்ள வேண்டும். பிஞ்சு அப்படியே இருக்க வேண்டும். அது அடுத்த எடுப்புக்கு. ஈரத்தில் அட்டை ஏறும், பாம்பு பயமும் உண்டு. இந்தக் காட்டை நன்றாக அறிந்தவர்கள் யார் என்று என்னைக் கேட்டால் இந்தப் பெண்களைத்தான் கை காட்டுவேன். பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். யானை நேற்று எந்தப் பக்கம் நின்றது என்பது வரை சொல்வார்கள்.

பறித்த காய் பச்சை நிறம் போகாமல் உலர்ந்து, சல்லடையில் பருமன் வாரியாகப் பிரிந்து, போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்துக்கு வருகிறது.

★

மூணாறு தேயிலை ஒரு காலத்தில் ஆகாய வழியாக இறங்கிப் போடிக்கு வந்தது. குண்டளை பள்ளத்தாக்கு ரயில் தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷனில் இறக்கும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி அவை கொட்டகுடிக்கு வந்து சேரும். பிறகு மாட்டுவண்டியில் போடி. 1924-ன் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. மறுபடி யாரும் தண்டவாளம் போடவில்லை. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதையில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றொரு சிற்றூர் இன்றும் இருக்கிறது. ரயிலைத் தேடாதீர்கள்.

★

இந்த மலைக்கு வெளியாட்கள் வந்த கதை எல்லாவற்றிலும் முன்னால் நடந்தவர் முதுவர் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர். 1870-களில் ஆங்கிலேயர்களான டர்னர் சகோதரர்கள் போடிப் பக்கமிருந்து மேலேறியபோதும் வழிகாட்டியவர்கள் முதுவர்களே என்கிறது தோட்டக்காரர்களின் வரலாறு. மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்துகொண்டு மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்பது முதுவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கதை. அவர்களுடைய குடிகளில் மணமாகாத இளைஞர்கள் இரவில் தங்கப் பொதுச் சாவடி இருக்கும். வழிப்போக்கர்களுக்கும் அங்கேதான் இடம்.

★

தெற்கே தொடரும் மேகமலையில் 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் ஒரு வௌவாலைப் பிடித்தார். சாதாரணப் பழந்தின்னி என்ற பெயரோடு அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. கிட்டி தோங்லோங்யா என்ற தாய்லாந்து ஆய்வாளர் அதை எடுத்துப் பார்த்து, இது உலகம் அறியாத புதிய இனம் என்று கண்டுகொண்டார். 1972-ல் அதற்குப் பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். அதே ஹட்டனின் பெயரில் ஒரு விரியன் பாம்பும் உண்டு. அதுவும் மேகமலையில் கிடைத்ததுதான்.

★

அண்மைக் காலத்தில் இந்த வட்டாரத்தில் தன்னந்தனியாக அதிக தூரம் நடந்த பயணி அரிக்கொம்பன் என்ற காட்டு யானை. போடிமெட்டுக்கு அப்பால் சின்னக்கானலில் 2023 ஏப்ரல் 29-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மேகமலை வழியாக நடந்து, மே 27-ல் கம்பம் நகரத் தெருவுக்கே வந்துவிட்டது. ஜூன் 5-ல் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். யானைக்கு மாநில எல்லை தெரியாது, பழகிய தடம்தான் தெரியும். அந்தத் தடத்தில் வீடும் தோட்டமும் எழுந்ததற்கு அதன்மேல் பழி போடுவது எனக்குச் சம்மதமில்லை.

★

2018 மார்ச் 11-ஐக் குரங்கணிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 23 உயிர்கள் போயின. காய்ந்த புல்சரிவில் தீ கீழிருந்து மேலே ஏறும்போது மனிதன் ஓடித் தப்ப முடியாது. காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்து கீழே கொண்டுவந்ததில் மலைக்கிராமத்து மக்களின் தோள்கள் முன்நின்றன.

அதன் பிறகே மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் குரங்கணி–சாம்பலாறும் ஒன்று. இணையத்தில் பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் கூட வருவார்கள். தனியாளாய்ப் போனாலும் அவர்களோடு போங்கள். ஒடிந்த கிளையையும் யானை லத்தியின் ஈரத்தையும் பார்த்து, இங்கேயே நிற்போம் என்று அவர்கள் கையமர்த்தினால் நின்றுவிடுங்கள். தீ அபாயம் கூடும் கோடைத் தொடக்கத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் குறுக்குவழி தேடவே கூடாது.

★

இந்த வட்டாரத்துப் பொட்டிபுரத்தின் பெயர் உலக இயற்பியலாளர்களுக்குத் தெரியும். நம் கட்டைவிரல் நகத்தை நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கும் மேற்பட்ட சூரிய நியூட்ரினோக்கள் தொடாமல் துளைத்துப் போகின்றன. அவ்வகைத் துகள்களை ஆராய, ஊரை ஒட்டிய அம்பரப்பர் மலையைச் சுமார் 2 கிலோமீட்டர் குடைந்து ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஊர்மக்கள் எதிர்த்தார்கள். இது புலிகளின் வழித்தடம், அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மேகமலை அதற்கு முந்தைய ஆண்டுதான் திருவில்லிபுத்தூரோடு சேர்ந்து நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகமாகியிருந்தது.

★

கொழுக்குமலை தமிழ்நாட்டு மண். ஆனால் ஜீப்பில் போக வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லியைச் சுற்றித்தான் போக வேண்டும். அங்கே நீலக்குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018-ல். 12 ஆண்டுக் கணக்குப்படி அடுத்த பூ 2030-ல். போகிறவர்கள் பூவைப் பறிக்காதீர்கள். விதை விழுந்தால்தான் அதற்கடுத்த குறிஞ்சி.