கட்டைவிரலுக்கு ஒரு பயிற்சி

ராஜகுளம், உத்திரமேரூர் பக்கத்தில் ஆடு வளர்ப்பவர்களுக்கு ஆட்டுக்கொல்லி நோயைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாயெல்லாம் புண்ணாகும், கழிச்சல் கண்டு சில நாளில் ஆடு சாய்ந்துவிடும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் பதிவானது 1987-இல், விழுப்புரத்தை அடுத்த அரசூரில். அங்கே கிடைத்த வைரஸை வைத்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இதற்கான தடுப்பூசியை உருவாக்கியது.

இன்று நோயை உறுதிசெய்ய, ஆட்டின் மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்த சளி ஆய்வகத்துக்குப் போகிறது. மரபுப்பொருளைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் இயந்திரத்துக்குள் நுழையும் முன் அந்த மாதிரி பல குழாய்கள் மாறுகிறது. அப்படி மாற்றும் கருவிதான் மைக்ரோபிப்பெட். உயிரறிவியல் ஆய்வு நிறுவனங்கள் கல்லூரி மாணவர்களுக்கு நடத்தும் செய்முறைப் பயிற்சிகள் பெரும்பாலும் இதைக் கையில் கொடுத்துத்தான் தொடங்குகின்றன.

பார்க்கத் தடித்த பேனா போல இருக்கும். அளப்பது மைக்ரோலிட்டர் கணக்கில். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண நீர்த்துளி ஒன்றே சுமார் 50 மைக்ரோலிட்டர் வரும். பிசிஆர் சோதனைக் கலவை மொத்தமும் 20 அல்லது 25 மைக்ரோலிட்டர்தான். அதில் சேர்க்கும் நொதி ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவாக இருக்கலாம்.

உள்ளே ஓர் உந்துதண்டும் சுருள்வில்லும் இருக்கின்றன. நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் டிப்புக்குள் மட்டுமே திரவம் ஏறும். தண்டுக்கும் திரவத்துக்கும் நடுவில் காற்று நிற்கும். மேலே உள்ள குமிழை அழுத்தினால் ஓரிடத்தில் தடுக்கும். அதுதான் முதல் நிறுத்தம். நாம் வைத்த அளவு அதுவரைதான். இன்னும் அழுத்தினால் இரண்டாவது நிறுத்தம். நுனியில் ஒட்டிய மிச்சத்தை ஊதித் தள்ள அது. உறிஞ்சும்போது முதல் நிறுத்தம், விடும்போது இரண்டாவது. புதிதாகப் பழகுபவர் உறிஞ்சும்போதே இரண்டாவது வரை அழுத்திவிடுவார், அளவு கூடிப்போகும். விரலைச் சட்டென்று விட்டால் திரவம் மேலே தெறித்துக் கருவிக்குள்ளேயே போய்விடும். உள்ளங்கைச் சூடுகூட அந்தக் காற்றை விரியச் செய்து அளவை மாற்றும் என்பதால், வேலையில்லாதபோது கையில் பிடித்திருக்காமல் தாங்கியில் மாட்டிவிட வேண்டும்.

இதை உருவாக்கியவர் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர். 1957-இல் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்தார். அந்நாளில் கண்ணாடிக் குழாயில் வாய் வைத்து உறிஞ்சித்தான் அளப்பார்கள். அமிலத்தையும் நோய்க்கிருமியையும் விழுங்கியவர்கள் உண்டு. நாள் முழுக்க அந்த வேலையைச் செய்து சலித்த ஷ்னிட்கர், சுருள்வில், காற்றிடைவெளி, கழற்றி மாட்டும் டிப் எல்லாம் கொண்ட கருவியைத் தாமே செய்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எப்பன்டார்ஃப் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1964-இல் ஏரியில் மூழ்கி அவர் இறந்தபோது, தம் கருவி உலகெங்கும் பரவுவதை அவர் பார்த்திருக்கவில்லை. வேண்டிய அளவைத் திருகி வைத்துக்கொள்ளும் வகை, 1970-களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாரன் கில்சன் முதலியோர் கொண்டுவந்தது.

கை பழகிவிட்டதா என்று பார்க்க அருமையான ஒரு சோதனை இருக்கிறது. நுண்தராசில் சிறு கிண்ணத்தை வைத்து 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் விட வேண்டும். நம் ஊர் வெயிலில் 30 டிகிரி அறையில் தராசு சுமார் 99.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். இதையே பத்து முறை செய்து பத்து எண்களையும் எழுத வேண்டும். எல்லாம் ஒரே அளவில் குறைந்திருந்தால் கருவியைச் சீரமைக்க அனுப்பலாம். ஒன்று 96, அடுத்தது 103 என்று அலைந்தால் பெரும்பாலும் கோளாறு விரலில்தான். மருந்து வேண்டாம், வைரஸ் வேண்டாம், தண்ணீரும் தராசும் போதும். கிராமப்புறக் கல்லூரிகளிலும் முதலாண்டிலேயே இதைச் செய்ய வைக்கலாம். செய்ய வைக்க வேண்டும் என்பேன். பிசிஆரின் படத்தைத் தேர்வுக்குப் பிழையில்லாமல் வரையும் பிள்ளைகள், ஒரு பிப்பெட்டைத் தொடாமலே பட்டம் வாங்கிப் போகிறார்கள். வேலைக்கான நேர்காணலில் அவர்கள் கை நடுங்குவது அவர்கள் குற்றமல்ல. அரங்கில் அறுபது பேரை உட்காரவைத்து, மேடையில் ஒருவர் செய்து காட்டி, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் நிகழ்வைப் பயிற்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை. சேருமுன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஆளுக்கொரு பிப்பெட் உண்டா?

அளவு பிசகுவதைவிடப் பெரிய ஆபத்து, ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்குத் தெறிக்கும் நுண்துளி. பிசிஆர் ஒவ்வொரு சுற்றிலும் மரபுப்பொருளை இரட்டிப்பாக்குகிறது. 30 சுற்றில் ஒரு மூலக்கூறு, கணக்குப்படி, 100 கோடியைத் தாண்டிவிடும். நோயுள்ள ஆட்டின் மாதிரியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துளி பக்கத்துக் குழாயில் விழுந்தால், நோயில்லாத ஆட்டுக்கும் நோய் என்றே முடிவு வரும். அதனால்தான் மாதிரிக்கு மாதிரி டிப்பை மாற்றுகிறார்கள்; உள்ளே வடிகட்டி வைத்த டிப்பைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் மாதிரிக்குப் பதில் வெறும் நீரை வைத்து ஓட்டுகிறார்கள். அந்தத் தண்ணீர்க் குழாயில் வைரஸ் இருப்பதாக இயந்திரம் காட்டினால், அந்த ஓட்டத்தின் முடிவு ஒன்றையும் வெளியே கொடுப்பதில்லை. மேசையைத் துடைத்து, புதுக் கலவை தயாரித்து, எல்லா மாதிரிகளையும் முதலிலிருந்து மறுபடி செய்கிறார்கள்.