சுடும் கடற்கரை: இபுசுக்கியின் மணல் குளியல்

ஜப்பானின் தென்பகுதிப் பெருந்தீவு கியூஷு. அதன் தெற்கே நீண்டு கிடக்கிறது சாட்சுமா தீபகற்பம். அதன் முனையில், ககோஷிமா வளைகுடா பெருங்கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் இபுசுக்கி. வெந்நீரில் குளிக்க ஜப்பானில் ஆயிரக்கணக்கான இடங்கள் உண்டு. இபுசுக்கிக்கு வருகிறவர்கள் முதலில் குளிப்பது மணலில். இங்குள்ள சுரிகஹாமா கடற்கரையில் மணலுக்கு அடியில் சுமார் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்நீர் ஓடிக் கடலில் கலக்கிறது. வற்றுநேரத்தில் அலை நனைத்துவிட்டுப் போன மணலிலிருந்து ஆவி எழுவதைப் பார்க்கலாம். அந்த மணலில் படுத்து, கழுத்துவரை மூடிக்கொண்டு வியர்த்து எழும் வழக்கம் 300 ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. சுனாமுஷி என்பது அதன் பெயர்.

கடலோர வெந்நீரூற்று விடுதி என்றதும், சூடான தொட்டியில் உட்கார்ந்துகொண்டு கடலை வேடிக்கை பார்ப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். அதுவும் சுகம்தான். ஆனால் இபுசுக்கியில் கடலுக்கும் வேலை இருக்கிறது. சூட்டைத் தருவது எரிமலை என்றால், அந்தச் சூட்டைக் கரையோர மணலில் நிறுத்திவைப்பது கடல். இதைப் புரிந்துகொண்டு போனால் எந்த நேரத்தில் போவது, எவ்வளவு நேரம் படுப்பது, எப்போது எழுவது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

முதலில் எரிமலை. இந்த ஊரைச் சுற்றி எங்கே திரும்பினாலும் பழைய வெடிப்பின் தடம் தெரியும். மேற்கே இருக்கும் இகேதா ஏரி சுமார் 6,400 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்பில் நிலம் உள்வாங்கி உண்டான பள்ளம். ஆழம் 233 மீட்டர். கியூஷுவிலேயே பெரிய ஏரி அதுதான். தெற்கே யாமகாவா துறைமுகம் வட்டமாக இருப்பதற்குக் காரணம், அது எரிமலை வாய் ஒன்றில் கடல்நீர் புகுந்து உண்டானது. கூம்பு வடிவில் 924 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் கைமோன் மலை கி.பி. 874-இலும் 885-இலும் வெடித்தது. 874-இல் கொட்டிய சாம்பல் ஒரு குடியிருப்பையே மூடியது. ஹாஷிமுரேகாவா என்ற இடத்தில் அதைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மலை இப்போது அமைதியாக இருக்கிறது. நிலத்தடிச் சூடு அடங்கவில்லை.

மலைகளில் பெய்யும் மழை பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சுடுபட்டு, அழுத்தத்தோடு மேலே திரும்புகிறது. கடலோரம் என்பதால் கடல்நீரும் அடிவழியாகக் கசிந்து அதில் கலக்கிறது. யாமகாவாவுக்குப் பக்கத்தில் புஷிமே கடற்கரையில் நிலத்தடி வெந்நீரின் பெரும்பகுதி கடலிலிருந்தே வந்தது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 1995 முதல் இயங்கும் யாமகாவா புவிவெப்ப மின்நிலையம் இந்த நிலத்தடிச் சூட்டைத்தான் பயன்படுத்துகிறது. இன்று விடுதிகளுக்குச் சோறு போடும் சூடும் மின்சாரம் தரும் சூடும் ஒரே மூலத்திலிருந்து வருபவை.

எல்லா வெந்நீரூற்றுக்கும் எரிமலை வேண்டும் என்பதில்லை. திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு சிறு கிணறுகள் இருப்பது பலருக்குத் தெரியும். அங்கே பக்கத்தில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறும். மழைநீர் போதுமான ஆழம் போய் விரைவாக மேலேறிவிட்டால் எரிமலை இல்லாமலே வெந்நீர் கிடைக்கும். ஆனால் அந்த நீர் பெரும்பாலும் இதமான சூட்டோடு நின்றுவிடும். மணலைக் கொதிக்கவைக்க எரிமலை நிலம்தான் வேண்டும்.

இனி கடலின் வேலை. வெந்நீர் எடை குறைந்தது. கடல்நீர் குளிர்ந்தது, உப்பு அதிகம் உள்ளது, அதனால் கனமானது. நிலத்தடியில் கடலை நோக்கி ஊர்ந்துவரும் வெந்நீர் கரையை நெருங்கும்போது, கனமான கடல்நீர் அதன் அடியில் புகுந்து தடுக்கிறது. கீழே போக வழியில்லாத வெந்நீர் மேலெழுந்து மணற்பரப்பை ஒட்டி ஓடுகிறது. கடல் ஏறும்போது மணலுக்குள் வெந்நீர் மட்டமும் ஏறும், வற்றும்போது இறங்கும். அதே வற்றுநேரத்தில்தான், அதுவரை நீருக்கடியில் இருந்த சூடான மணல் வெளியே தெரியும். நியூசிலாந்தின் கோரமண்டல் தீபகற்பத்தில் 'வெந்நீர்க் கடற்கரை' என்றே பெயர்பெற்ற ஓர் இடம் இருக்கிறது. அங்கே வற்றின் உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பும் பின்பும்தான் மணலைத் தோண்டித் தொட்டி கட்டிக்கொள்ள முடியும். ஊற்றுநீரின் சூடு 64 டிகிரி வரை இருப்பதால், கடல்நீரை விட்டுக் கலந்துகொள்ளாவிட்டால் கால் வெந்துவிடும். இபுசுக்கியில் விடுதிக்காரர்கள் கூரை போட்ட மணல் திடலும் வைத்திருக்கிறார்கள். மழை பெய்தாலும் கடல் ஏறி நின்றாலும் வந்தவர் ஏமாற வேண்டியதில்லை. என்றாலும் அலை ஓரத்தில் திறந்தவெளியில் படுப்பதற்கு ஈடு கிடையாது. அதற்காகவே வற்றுநேரம் பார்த்துப் போகலாம்.

ககோஷிமா நகரின் சுவோ நிலையத்திலிருந்து ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் இபுசுக்கி. வழி நெடுக வளைகுடா பக்கத்திலேயே வரும். கடற்கரையில் 'சாராகு' என்ற பொது மணல் குளியல் கூடம் இருக்கிறது. பெரிய விடுதிகள் சில சொந்தமாகவும் மணல் திடல் வைத்திருக்கின்றன. வெளியூர்க்காரர் முதல் முறை போவதற்குப் பொதுக்கூடமே நல்லது என்பேன். உள்ளூர் ஆட்களும் பயணிகளும் கலந்து வருவதால் பார்த்துப் பழகிக்கொள்ளலாம்.

கூடத்தில் கட்டணம் செலுத்தியதும் யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கி தருவார்கள். உடைமாற்றும் அறையில் உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அதை மட்டும் உடுத்திக்கொள்ள வேண்டும். நகை, கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம், உலோகம் சுடும். கையில் ஒரு சிறு துண்டோடு மணலுக்கு நடக்கலாம்.

அங்கே நீளக் கைப்பிடி மண்வெட்டியோடு 'சுனாகாகே-சான்' எனப்படும் பணியாளர்கள் நிற்பார்கள். ஆள் அளவுக்கு ஆழமில்லாத பள்ளம் பறித்து, படுக்கச் சொல்லி, துண்டைத் தலையையும் கழுத்தையும் சுற்றிக் கட்டிவிடுவார்கள், மணல் முடிக்குள் போகாமலிருக்க. பிறகு காலிலிருந்து தொடங்கி மேலே மேலே மணலை அள்ளிப் போடுவார்கள். ஈர மணல், கறுத்த எரிமலை மணல். முதலில் தெரிவது சூடு அல்ல, கனம்தான். நெஞ்சின்மேல் அது இறங்கும்போது மூச்சை இழுப்பதற்கே சற்று முயற்சி வேண்டியிருக்கும். ஒரு நிமிடத்தில் உடல் அதற்குப் பழகிவிடும். அடுத்து, விரல் நுனியில், குதிகாலில், முதுகில் என்று எங்கெங்கோ நாடி துடிப்பது தெரியும். மணல் உடம்பை எல்லாப் பக்கமும் அழுத்திப் பிடித்திருப்பதால் துடிப்பு அப்படித் துல்லியமாகக் கேட்கிறது. மணலின் சூடு 50 முதல் 55 டிகிரி. ஐந்து நிமிடத்தில் நெற்றியில் வியர்வை பூக்கும். பத்து நிமிடத்தில் கண்ணோரம் வழிந்து காதுக்குள் இறங்கும். மணலைக் கலைக்காமல் கையை எடுத்துத் துடைக்கவும் முடியாது.

படுத்திருப்பவர் பார்க்கும்படி கடிகாரம் மாட்டியிருப்பார்கள். பத்து நிமிடம் போதும். ஏற்கெனவே பழகியவர்கள் பதினைந்து நிமிடம் வரை இருப்பார்கள். எழ வேண்டும் என்று தோன்றினால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கையை மேலே தூக்கினால் மணல் பிளந்துகொள்ளும், எழுந்துவிடலாம். காசு கொடுத்தாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதில் பொருளில்லை. குறிப்பாகக் குதிகாலைக் கவனியுங்கள். உடலில் அது அதிகம் அழுந்தும் இடம். சூடும் அங்கேதான் சீக்கிரம் ஏறும். அங்கே சுருக்கென்றால் காலைச் சற்று நகர்த்திக்கொள்ளுங்கள். தணியாவிட்டால் எழுந்துவிடுங்கள். கொதிநீர் பட்டால்தான் புண்ணாகும் என்று நாம் நினைக்கிறோம். 50 டிகிரிக்குக் குறைவான சூடுகூட ஒரே இடத்தில் அதிக நேரம் இருந்தால் தோலைப் புண்ணாக்கிவிடும்.

இதனால்தான் நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் மணல் குளியலைத் தவிர்ப்பது நல்லது. சுடுவது அவர்களுக்குத் தெரியாது. இதயநோய், கட்டுக்குள் வராத ரத்தக் கொதிப்பு, கர்ப்பம், காய்ச்சல், அண்மையில் அறுவைச் சிகிச்சை ஆகியவை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் படுக்கக் கூடாது. மது அருந்திவிட்டுப் படுக்கவே கூடாது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மணலின் கனம் உடலோரங்களில் உள்ள ரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுகிறது. சூடு தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. பத்து நிமிடத்துக்கு இதயம் நல்ல வேலை செய்கிறது. ஆரோக்கியமானவருக்கு அதுவே சுகம். மூட்டுவலி, இடுப்புப் பிடிப்பு, தோள் இறுக்கம் எல்லாம் தளர்ந்து போனதுபோல் இருப்பதும் உண்மைதான். அதை அன்றைய இதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நோய் தீர்ந்துவிடும் என்று விளம்பரங்கள் சொல்வதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

எழுந்ததும் மணலோடு நேராகக் கூடத்துக்குள் போக வேண்டும். முதல் அறையில் அங்கியைக் கழற்றி அதற்கான தொட்டியில் போட்டுவிட்டு, மணல் போக உடலைக் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் வெந்நீர்க் குளம். நம்மவர்கள் தயங்கும் இடம் இது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளங்கள். ஆனால் உள்ளே ஆடை கிடையாது, நீச்சல் உடையும் கூடாது. யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்பது உள்ளே போன கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்து அலசிவிட்டு, சோப்பு நுரை துளியும் இல்லாமல் நீரில் இறங்க வேண்டும். குளம் ஊறுவதற்கு, அழுக்குப் போக்குவதற்கு அல்ல. தலைமுடி நீரில் படாமல் கட்டிக்கொள்ளுங்கள். துண்டு நீருக்குள் வரக் கூடாது, தலையில் மடித்து வைத்துக்கொள்ளலாம். பச்சை குத்தியவர்களை அனுமதிப்பது இடத்துக்கு இடம் மாறும். முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

குளத்து நீர் நாக்கில் ஒரு துளி பட்டால் கரிக்கும். இந்த உப்புக்கும் வேலை உண்டு. குளித்து எழுந்த பின் தோலில் மெல்லிய உப்புப் படலம் நின்று வியர்வை சீக்கிரம் ஆவியாவதைத் தடுக்கிறது. அதனால் உடல் நெடுநேரம் கதகதப்பாகவே இருக்கும். தோல் எளிதில் எரிகிறவர்கள் மட்டும் கடைசியில் நல்ல நீரில் அலசிக்கொள்ளலாம். மற்றவர்கள் அப்படியே துடைத்துக்கொண்டால் போதும். பிறகு நிறையத் தண்ணீர் குடியுங்கள். அரை மணி நேரமாவது உட்காருங்கள்.

ஜப்பானில் எந்த நீரை வெந்நீரூற்று என்று சொல்லலாம் என்பதற்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வெளிவரும்போது 25 டிகிரி இருக்க வேண்டும், அல்லது சட்டம் பட்டியலிட்ட 19 கனிமப் பொருட்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும். விடுதிகள் நீரின் பகுப்பாய்வு விவரத்தை எளிதில் கண்ணில் படும் இடத்தில் மாட்டிவைப்பது கட்டாயம். சூடு, கார அமிலத்தன்மை, உப்பு, யாருக்கு ஆகாது என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுத்து தெரியாவிட்டால் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படித்துவிடுங்கள்.

இந்தச் சூடு எடுக்க எடுக்கக் குறையாத ஒன்று அல்ல. டோக்கியோவுக்குத் தென்மேற்கே அதாமி என்ற இன்னொரு கடலோர வெந்நீரூற்று ஊர் இருக்கிறது. அங்கே ஓயு என்ற பெரிய வெந்நீர்ப் பீச்சு பெயர்பெற்றிருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது தளர்ந்து நின்றுபோனது. 1962-இல் இயந்திரத்தின் உதவியால் மறுபடி பீச்சவைத்தார்கள். இன்றும் அப்படித்தான் பீச்சுகிறது. கடலோரத்தில் வெந்நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அழுத்தம் குறையும், குளிர்ந்த கடல்நீர் உள்ளே புகும், ஊற்றின் சூடே இறங்கும். அறைக்கு அறை தனித் தொட்டி, இரவு பகல் ஓயாமல் நிரம்பும் நீர் என்று கேட்பதை விட, எல்லோருக்குமான ஒரு நல்ல குளத்தை நடத்தும் விடுதியைத் தேர்ந்தெடுப்பது ஊற்றுக்கு நாம் செய்யும் உதவி.

மணலுக்கு அப்பால் ஒரு நாளாவது தங்குங்கள். உனகி என்ற சிற்றூரில் வீட்டு முற்றங்களில் நிலத்திலிருந்து வரும் ஆவியை அடுப்பாக வைத்திருக்கிறார்கள். 'சுமே' என்று சொல்கிறார்கள். முட்டை, கிழங்கு, மீன் எல்லாம் அதில்தான் வேகும். மெய்ஜி காலத் தலைவர் சாய்கோ தகாமோரி 1874-இல் இங்கே வந்து தங்கி வெந்நீரில் குளித்திருக்கிறார். சர்க்கரைவள்ளிக்கிழங்கு இந்தப் பக்கத்துக்கு வந்தது 1705-இல். யாமகாவாவைச் சேர்ந்த மாயேதா ரியேமோன் ரியூக்யூ தீவுகளிலிருந்து கொண்டுவந்து பயிரிட்டார். பஞ்சம் தாங்கும் பயிராக அது பரவியது. அவரை வணங்க ஒரு கோயிலே இருக்கிறது. யாமகாவா, கட்சுவோபுஷிக்கும் பெயர்பெற்றது. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கல்லாகும்வரை உலர்த்துவது. நம் மாசிக் கருவாட்டின் மணம் தெரிந்தவர்களுக்கு ஊருக்குள் நுழையும்போதே புரிந்துவிடும்.

நாளைத் திட்டமிடும்போது கடலின் ஏற்றவற்ற அட்டவணையை முதலில் பாருங்கள். விடுதி முகப்பில் கேட்டால் தருவார்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை, வற்றுநேரத்தில் ஊருக்கு வடகிழக்கே சிரின் தீவுக்குச் சுமார் 800 மீட்டர் நீள மணல்வழி கடலுக்குள்ளிருந்து எழும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக உள்வாங்கும். அந்த நாட்களே நடக்கத் தோதானவை. வற்றுநேரம் இரண்டுக்கும் வேண்டியிருப்பதால் ஒரு நாள் தீவுக்கும் மறுநாள் அலையோர மணல் குளியலுக்கும் ஒதுக்குங்கள். நடந்த களைப்போடு உடனே மணலில் படுக்காமலும் இருக்கலாம். தீவுக்குப் போகிறவர்கள் திரும்ப வேண்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள், கடல் ஏறத் தொடங்கினால் வழி மூடிவிடும்.