அணைத்த பின்னும் ஓடும் மின்மானி

இரவு உறங்கச் செல்லுமுன் ரிமோட்டை அழுத்தித் தொலைக்காட்சியை அணைக்கிறோம். திரை இருண்டுவிடுகிறது. ஆயினும் அதன் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருக்கிறது. அருகிலுள்ள செட்-டாப் பாக்ஸை விடியற்காலையில் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்த வெப்பம், நாம் விலை கொடுத்து வாங்கி எவருக்கும் பயன்படாமல் போன மின்சாரமே ஆகும்.

ரிமோட்டின் கட்டளையை எதிர்நோக்கியிருக்கும் கருவி முழுமையாக அணைவதில்லை. அதன் ஒரு பகுதி விழித்திருந்து சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இதனைக் காத்திருப்பு மின்செலவு எனலாம். இச்செலவைக் கருவி ஒன்றுக்கு ஒரு வாட்டுக்குள் அடக்க வேண்டும் எனச் சர்வதேச எரிசக்தி முகமை 1999-ஆம் ஆண்டிலேயே முன்மொழிந்தது. இன்றைய புதிய தொலைக்காட்சிகள் பலவும் அந்த வரம்புக்குள் வந்துவிட்டன. ஆனால் செட்-டாப் பாக்ஸ்கள், பழைய ஒலிபெருக்கிகள், ஹோம் தியேட்டர்கள் ஆகியவற்றில் நிலைமை வேறு. செட்-டாப் பாக்ஸ்களில் பல, இயங்கும்போது இழுக்கும் மின்சாரத்திற்கு ஏறக்குறைய நிகராகவே காத்திருக்கும்போதும் இழுக்கின்றன.

கணக்கிட்டுப் பார்ப்போம்

ஒரு வாட் மின்சாரம் ஆண்டு முழுவதும் இடைவிடாது செலவானால் 8.76 யூனிட் ஆகும். ஒரு வீட்டில் செட்-டாப் பாக்ஸ் 10 வாட்டும், ஒலிபெருக்கி 5 வாட்டும் காத்திருப்பில் இழுப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 5 மணி நேரம் தொலைக்காட்சி பார்த்தால் எஞ்சிய 19 மணி நேரமும் அந்த 15 வாட் வீணாகும். ஆண்டுக்கு இது 104 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் எனக் கொண்டால் 728 ரூபாய். பெரும்பாலான மாநிலங்களில் வீட்டு மின்கட்டணம் அடுக்கு முறையில் வசூலிக்கப்படுவதால், நாம் மிச்சப்படுத்தும் யூனிட்டுகள் விலை மிகுந்த மேல் அடுக்கிலிருந்தே கழிகின்றன என்பதையும் கருத வேண்டும்.

இதற்கு மாறாக, கைப்பேசி இணைக்கப்படாத நல்ல சார்ஜர் ஒன்று அரை வாட்டுக்கும் குறைவாகவே இழுக்கும். அதைக் கழற்றுவதில் தவறில்லை. ஆனால் பெரிய சேமிப்பும் இல்லை. எனவே, முதலில் கவனிக்க வேண்டியது எது என்பதை அளந்து அறிவதே முறை.

அதற்கு உங்கள் வீட்டு மின்மானியே போதும். மின்னணு மின்மானியில் சிறு விளக்கொன்று விட்டுவிட்டு ஒளிரும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை ஒளிரும் என்பது மின்மானியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி முதலியவற்றைச் சில நிமிடங்கள் நிறுத்திவிட்டு, காத்திருக்கும் கருவிகளை மட்டும் இணைப்பில் விட்டுவிடுங்கள். பிறகு ஓர் ஒளிர்வுக்கும் அடுத்த ஒளிர்வுக்கும் இடையிலான விநாடிகளை எண்ணுங்கள். யூனிட்டுக்கு 3200 முறை ஒளிரும் மின்மானி எனில், 1125-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் கிடைப்பதே வாட் அளவு. இடைவெளி 45 விநாடி என்றால் 25 வாட். அளந்து முடித்ததும் குளிர்சாதனப் பெட்டியை மீண்டும் இயக்க மறவாதீர்கள்.

எதை வாங்குவது?

நம் நாட்டில் சுவரிலுள்ள பிளக் பாயிண்ட் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனி சுவிட்ச் உண்டு. ஆனால் அது தொலைக்காட்சிக்கும் அலமாரிக்கும் பின்னே மறைந்துவிடுவதால் எவரும் அதைத் தொடுவதில்லை. கைக்கெட்டும் இடத்தில் ஒரு பவர் ஸ்ட்ரிப்பைப் பொருத்துவதன் பயன் இங்கேதான். தொலைக்காட்சி, செட்-டாப் பாக்ஸ், ஒலிபெருக்கி மூன்றையும் ஒரே சுவிட்சில் அணைத்துவிடலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண ஸ்ட்ரிப்பே இதற்குப் போதுமானது.

முதன்மைக் கருவி அணைந்ததும் துணைக் கருவிகளின் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் ஸ்ட்ரிப்களும் உள்ளன. அணைக்க மறப்பவர்களுக்கு அவை உதவும். எனினும் விலை கூடுதல் என்பதால், எத்தனை ஆண்டுகளில் அது ஈடாகும் எனக் கணக்கிட்டு வாங்குங்கள். ஸ்பைக் கார்டு என்பது திடீர் மின்னழுத்த உயர்விலிருந்து கருவியைக் காப்பது. சுவிட்சை அணைக்காதவரை அது மின்கட்டணத்தைக் குறைப்பதில்லை.

பாதுகாப்பே முதன்மை

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஸ்ட்ரிப்பையே வாங்குங்கள். 6 ஆம்பியர் ஸ்ட்ரிப் 230 வோல்ட்டில் தாங்கக்கூடியது 1380 வாட் மட்டுமே. இஸ்திரிப் பெட்டி, கீசர், குளிரூட்டி, மைக்ரோவேவ் அடுப்பு போன்றவற்றை அதில் இணைக்கக் கூடாது. ஒரு ஸ்ட்ரிப்பில் மற்றொன்றைச் செருகுவதும், கம்பியைத் தரைவிரிப்பின் அடியில் ஓட்டுவதும் தீ விபத்துக்கு வழிவகுக்கும். பிளக் சூடானாலோ நிறம் மாறினாலோ உடனே மாற்றிவிடுங்கள்.

எல்லாக் கருவிகளையும் இவ்வாறு துண்டிப்பதும் சரியன்று. கணினியை முறைப்படி நிறுத்திய பின்னரே சுவிட்சை அணைக்க வேண்டும். இங்க்ஜெட் அச்சுப்பொறியை முதலில் அதன் பொத்தானால் அணைக்காவிட்டால் மைமுனை உலர்ந்து அடைத்துக்கொள்ளக்கூடும். ஓஎல்இடி தொலைக்காட்சிகள் அணைந்த பிறகு தம் திரையைத் தாமே சீர்செய்துகொள்வதால் அவற்றின் கையேட்டைப் பார்த்து முடிவெடுங்கள். கண்காணிப்பு கேமரா இயங்கும் வீட்டில் வைஃபை ரூட்டரை அணைக்க இயலாது. செட்-டாப் பாக்ஸ் மீண்டும் இயங்கத் தொடங்கச் சில நிமிடங்கள் ஆகலாம். இரவில் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய வைத்திருந்தால் அன்று மட்டும் அதை விட்டுவிடலாம்.

இன்றிரவே உறங்கச் செல்லுமுன் அந்த ஒரு சுவிட்சை அணைத்துப் பாருங்கள். மின்கட்டணச் சீட்டு வரும்போது, சென்ற மாதத்தோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் இதே காலத்து யூனிட் அளவோடு ஒப்பிடுங்கள். பருவநிலைக்கேற்ப மின்விசிறியும் குளிரூட்டியும் செலவழிக்கும் மின்சாரம் மாறுவதால், உண்மையான வேறுபாட்டை அவ்வாறுதான் ஓரளவேனும் அறிய முடியும்.